நாலாயிரத்து இருநூறு மூட்டை

ஒரு வருஷத்தில் அத்தனை மூட்டை சிமென்ட் ஓட்டினால்
தீவுக்குக் கூட்டிப்போவோம் என்றது கம்பெனி.
ஐப்பசி மழையில் முந்நூறு குறைந்தது.
மச்சினன் இன்னும் கட்டாத மாடிக்கு
பில் போட்டுச் சரிக்கட்டினேன்.
பாஸ்போர்ட் விசாரணைக்கு வந்த ஏட்டையா
ரெண்டு மூட்டை தூக்கிப் போனார்.
அதையும் கணக்கில் சேர்த்தேன்.

வண்ணார்பேட்டையில் வேன் ஏறினோம்,
பதினேழு கடைக்காரர்கள், ஒரு ஏரியா மேனேஜர்.
எல்லாருக்கும் மஞ்சள் பனியன், முதுகில் கம்பெனி யானை.
முப்பந்தலில் டிரைவர் ஓரங்கட்டி
இசக்கிக்குச் சூடம் கொளுத்தினான்.
"தண்ணிக்கு மேல போறோம் தாயி, பாத்துக்கோ"
என்று முதலில் கும்பிட்டவர்
வள்ளியூர் செல்வின் துரை, வேதக்காரர்.

திருவனந்தபுரத்தில் முக்கூடல் பரமார்த்தலிங்கத்தின்
நார்த்தங்காய் ஊறுகாயை ஓர் அதிகாரி
மூக்கருகே கொண்டுபோய், நெடுநேரம் யோசித்து,
தொட்டியில் போட்டார்.
அப்புறம் ஒரு மணி நேரம்.
பாபநாசம் பஸ்ஸுக்கே இதைவிடக் கூட ஆகும்.

பெயிண்ட் அட்டையில் நம்பர் போட்டு
பன்னிரண்டு நீலம் உண்டு என் கடையில்.
யாரும் கேட்டதில்லை, எல்லாருக்கும் ரோஸ்தான் வேணும்.
இங்கே பன்னிரண்டையும்
ஒன்றில் ஒன்று கலக்காமல் அடித்திருந்தார்கள்.
மணல், உச்சி வெயிலிலும் சுடாத வெள்ளை.
அள்ளிப் பார்த்த மேலப்பாளையம் மீரான்
"பூச்சுக்கு ஆகாது, உப்பு" என்று கொட்டிவிட்டார்.
தண்ணீரில் கால் ஊன்றின குடிசையில்
எனக்கும் அவருக்கும் ஒரே கட்டில்,
மேலே ரோஜா இதழ், அன்னமாக மடித்த துண்டு.
"நம்மள யாருன்னு நெனச்சான் வேய் இவன்?"

சாயங்காலம் கோமுவிடம் பேச
டவர் தேடித் தேடி
விருந்தாளிகள் போகாத பக்கம் போய்விட்டேன்.
பாதியில் நிற்கும் ஒரு சுவர், கலவைச் சட்டி,
தார்ப்பாய் மூடின குவியல்.
தொழில் புத்தி, நீக்கிப் பார்த்தேன்.
பழுப்பு.
உள்ளங்கையில் எடுத்து எச்சில் தொட்டுத் தேய்த்தேன்.
சேறு ஒட்டவில்லை.
காக்காப்பொன் மினுங்கியது.
கரண்டியோடு நின்ற வங்காளத்துப் பையன்
நான் கேட்காமலே கடலைக் காட்டிச் சொன்னான்:
டூட்டிக்கோரின்.

எந்த ஆறு என்று சத்தியம் பண்ண முடியாது.
ஆனால் தெரியும்.
மூன்று வருஷம், ராத்திரி ராத்திரியாக
விளக்கணைத்து வந்த லாரிகளுக்கு
குடோன் கதவைத் திறந்துவிட்டவன் நான்.
எனக்கு இறக்கியது போக மிச்சம் கிழக்கே போகும்.
கிழக்கே எங்கே என்று கேட்டதில்லை.
பேராச்சியின் மகன் நன்றாக நீந்துவான்.
முந்தாநாள் வரை அந்தக் குழி அங்கே இல்லை.

"வாரும் வேய் அண்ணாச்சி, இடுப்பளவுதான்!"
பதினாறு மஞ்சள் பனியன்கள் நீலத்தில் மிதந்தன.
தரை தெரிந்தது. மீன் தெரிந்தது.
என் கால் நகம்கூடத் தெரிந்தது.
கரண்டைக்கால் வரை இறங்கினேன்,
கை கழுவினேன்,
ஏறிக்கொண்டேன்.

திரும்பும் வழியில், ஆரல்வாய்மொழிக் காற்றுக்குக் குரலை உயர்த்தி
மேனேஜர் சொன்னார்:
அடுத்த வருஷம் பாலி. ஐயாயிரத்து ஐந்நூறு மூட்டை.
பின்சீட்டில் விசில் பறந்தது.
நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.
பாப்பாக்குடியில் கல்யாண மண்டபம் ஒன்று வருகிறது,
எண்ணூறு பிடிக்கும்.
பத்தமடையில் பள்ளிக்கூடத்துச் சுற்றுச்சுவர்.
பேராச்சி வீடு பூச்சில்லாமல் நிற்கிறது,
அதைக் கூட்டவில்லை.
மச்சினன் மாடி,
அதை நிஜமாகவே கட்டச் சொல்லலாம்.